சோப்புக்குச் சாகாத மஞ்சள்

என் வீட்டுக்காரிக்கு,

நலம். உன் முழங்கால் வலி தேவலையா? இதை யாரிடமும் சொல்லி எழுதாமல் நானே எழுதுகிறேன், பார்த்தாயா!

நான் தட்டு கழுவும் ஆய்வுக்கூடத்தில், அந்தக் கண்ணாடித் தட்டுகளில்தான் கிருமி வளர்க்கிறார்கள். சளி மாதிரி கொழகொழவென்று இருக்கிறது, நாறுகிறது. நேற்று குமட்டல் தாங்காமல், தொடக்கூடாத இரண்டு தட்டுகளில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டேன்; ஒன்றில் வெள்ளைக் கிருமி, மற்றதில் மஞ்சள் கிருமி. வேலை போச்சு என்றே நினைத்தேன். இன்று பார்த்தால் வெள்ளைக் கிருமி கரைந்துவிட்டது, மஞ்சள் கிருமி அசையவே இல்லை.

ஆய்வாளர் அம்மா திட்டிவிட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, அந்த மஞ்சள் நிறம்தான் கிருமியோட தோலை இறுக்கிப் பிடிச்சிருக்கு, அதான் சோப்புல கரையல. நான் செய்ய இருந்த சோதனைய நீங்களே செஞ்சுட்டீங்க!"

"சீ, இந்தக் கருமத்துக்குக் கலர் வேறயா?" என்றேன்.

வேலை நிலைத்தது. மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. துவைத்துவிடாதே.

கழுவ வேண்டிய தட்டுகள் வந்துவிட்டன, முடிக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்