இரும்பில் இல்லாத செம்பு

வங்காளம்,
மாசி 1944

மொரப்பூர் மகாராணி ராணியம்மாள் அக்காவுக்கு, இரும்பாலைச் சோதனைச்சாலையின் சக்கரவர்த்தி தம்பி வேடியப்பன் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாமா சௌக்கியமா? நான் ஒன்பது யானை பலத்தோடு இருக்கிறேன்.

சுத்த இரும்பில் லட்சத்தில் ஒரு பங்கு செம்பு கலந்திருந்தாலும் கண்டுபிடிப்பது என் உத்தியோகம். ஆசிடில் கரைத்த இரும்பை ஈதரோடு குலுக்கினால் இரும்பு ஈதருக்குள் ஏறிவிடும், செம்பு ஆசிடிலேயே தங்கும். தூசி விழாமலிருக்கச் சன்னல்களையெல்லாம் ஆணியடித்துவிட்டார்கள். ஈ நுழையவும் துரையின் உத்தரவு வேண்டும்.

போன வாரம் எல்லா இரும்பிலும் செம்பு வந்தது. நீங்கள் என் மணிக்கட்டில் கட்டிய செம்புத் தாயத்து ஆசிட் புகையில் பச்சை பூத்து, அந்தத் தூள் குடுவைக்குள் உதிர்ந்ததை என்னோடு வேலை செய்யும் கம்பைநல்லூர் மாதுதான் பார்த்தான்.

"ஏப்பா, ஒங்க அக்கா செம்புச் சொரங்கத்தையே கட்டி அனுப்பிட்டாங்களா?" என்றான்.

தாயத்து இப்போது இடுப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அத்தனையையும் மறுபடி சோதிக்கச் சொல்லி, துரை என் லீவை ரத்து செய்துவிட்டார். யுத்தம் முடியுமுன் வேலையை விட்டு ஓடினால் ஜெயில்தான்.

பாப்பாவின் காதுகுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு யார் மடியிலும் வைக்காதீர்கள். என் பழைய வேட்டியை மடித்துப் பலகையில் போட்டு உட்கார வையுங்கள். எந்த நாள், எந்த நேரம் என்று உடனே எழுதுங்கள். அந்த நேரத்தில் நானும் இங்கே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

வேடியப்பன்