நீ உட்கார்ந்தால் மட்டும் உரசிய சக்கரம்

சோப்பு போட்டுக் கழுவியும் விரலில் இரும்பு வாசனை போகவில்லை. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டுகிற நாட்களில் நம் இரண்டு பேர் கையிலும் இந்த வாசனைதான் இருக்கும். நீ அந்தக் கையோடே முறுக்கு தின்பாய். அதுதான் ஞாபகம் வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள். பாத்ரூம் விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கு வழியாக விழுகிற இடத்தில் காகிதத்தை வைத்திருக்கிறேன். அம்மா பார்த்தால் திட்டமாட்டாள், அழுவாள். "அவளையே நெனச்சிகினு இருந்தா நீயும் படுத்துக்குவடி" என்று சொல்லி நம் போட்டோவை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். உன் பேரை வீட்டில் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக் காலை உன் தங்கையை என் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் அழைத்துப்போக வேண்டும்.

அவளை ஆறாம் வகுப்புக்கு நம் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். உங்கம்மாவுக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடுகிறது. உங்கப்பா லாரி எடுத்துக்கொண்டு போனால் திரும்பிவர நாளாகும். ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிள்ளைப்பாக்கம் வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கும், உனக்குத் தெரியாததா. கூட்டிப்போக ஆள் இல்லையென்றால் அரக்கோணத்தில் உன் மாமா வீட்டில் விட்டுவிடுவதாக உங்கம்மா சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் மிச்சம் இருக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். "நான் கூட்டிகினு போறேன் அத்தே" என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன்.

அப்பாதான் தடுத்தார். "ஆள் ஏறினா வீல் உரசுது. பிரேக்கும் புடிக்க மாட்டேங்குது. அதுல இன்னொருத்தர் வூட்டுப் பொண்ண ஏத்துவியா நீ?"

அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் கார் ஓட்டும் கம்பெனியிலிருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஊர் திரும்பும்போது தன் மகளுடைய சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், நடுவில் இருக்கும் தட்டை இரண்டு பேடுகள் கவ்வி நிறுத்தும். கேரியர் மட்டும் இல்லை. உனக்காகத்தான் அதைப் பொருத்தினோம். நீ ஏறி உட்கார்ந்த அன்றே சத்தம் வந்தது. ஸ்ஸ்க், ஸ்ஸ்க் என்று ஒவ்வொரு சுற்றுக்கும்.

"இன்னாடி, உன் சைக்கிள் என்னப் பாத்து சீறுது?"

"மூட்டைய ஏத்தினா சீறாம இன்னா பண்ணும்?"

"மூட்டையா நானு? இரு, எறங்கிடறேன்."

"எறங்கேன். ஏரிக்கரை மேட்டுல எப்படியும் எறங்கத்தானே போற."

அந்த மேட்டில் நான் எழுந்து நின்று மிதித்தால் உரசல் இன்னும் கூடும். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் சக்கரம் கனக்கும். நீ இறங்கி, இரண்டு பையையும் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்து வருவாய்.

சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனால் சத்தம் இருக்காது. கடைக்காரர் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி மாட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிடுவார். அது பாட்டுக்குச் சுற்றும்.

"எங்க பாப்பா சத்தம்?"

"நாங்க உக்காந்தாதான் வரும்ண்ணே."

"அப்ப உக்காராதீங்க."

வெளியே வந்து நீ சொன்னாய். "ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனதும் ஜுரம் எறங்கிடுமே, அந்த மாதிரி நடிக்குதுடி இது." ரோட்டில் நின்று சிரித்தோம். ஐப்பசி மழையில் உனக்கு வந்த ஜுரம் எந்த வாசலிலும் இறங்கவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத வரவில்லை.

போகும்போதெல்லாம் அவர் பிரேக் பேடுகளை இன்னும் கொஞ்சம் விலக்கிவைத்து அனுப்புவார். சத்தம் குறையும், பிரேக்கும் சேர்ந்து குறையும். கடைசியில் லிவரை முழுக்க அழுத்தினால்தான் வண்டி நிற்கும் என்று ஆகிவிட்டது.

எங்கே கோளாறு என்று கண்டுபிடித்தது நீதான். ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனோமே, அன்றைக்கு. கேரியரில் உட்கார்ந்தபடியே குனிந்து, ஜடை ரோட்டைத் தொடுகிற மாதிரி தொங்கிக்கொண்டு சக்கரத்தைப் பார்த்தாய். விழப்போகிறாய் என்று நான் கத்தினேன். "சும்மா மிதிடி, பாத்துகினு கீறேன்ல" என்றாய். கோயில் வாசலில் இறங்கியதும் சொன்னாய். "டிஸ்க் கோணல் இல்ல. நீ மிதிக்க மிதிக்க வீலே ஒரு பக்கமா சாயுது. நடுவுல ஒரு கம்பி போவுதே, அது ஸ்ட்ராங்கா இல்ல. அவரு பேடையே நோண்டிகினு இருக்காரு." கோயிலில் கூட்டம், பிறகு பரீட்சை, பிறகு மழை.

நீ போனபிறகு சைக்கிள் உரசவே இல்லை. தனியாகப் போனால் அது உரசாது. அந்த அமைதியில் என்னால் மிதிக்க முடியவில்லை. சைக்கிளை எடுப்பதையே விட்டுவிட்டேன். அப்பா டியூட்டிக்குப் போகும்போது என்னைப் பைக்கில் கொண்டுபோய் விட்டார். இப்போது அவருக்கும் ஷிஃப்ட் மாறிவிட்டது.

போன வாரம் கேரியரில் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டி ஓட்டிப் பார்த்தேன். உரசியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் உன்னைப் பார்த்ததுபோல் இருந்தது, சிரிக்காதே. பிறகு நீ சொன்ன கம்பியை உருவினேன். ஒரு பக்கம் மடக்குகிற கைப்பிடி, மறுபக்கம் திருகு, இரண்டும் நீல நிறத்தில் அழகாக இருந்தன. ஆனால் கையில் கனமே தெரியவில்லை. கைப்பிடிக்கு அடியில் இருந்த பிளாஸ்டிக் வில்லை நசுங்கிப்போயிருந்தது. எவ்வளவு இறுக்கினாலும் அது கொஞ்சம் விட்டுக்கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும்.

நேற்று அப்பாவோடு கடைக்குப் போனேன். பழைய கம்பியோடு நீளம் வைத்துப் பார்த்து, கடைக்காரர் இரண்டை எடுத்துப் போட்டார். ஒன்று ஊதா நிறம். "வெயிட்டே கெடையாது பாப்பா. ரேஸ் போறவங்க இதத்தான் கேக்குறாங்க." இன்னொன்று கறுப்பு. முழுக்க எஃகு, மேலே தூசி. கல்லாப் பெட்டி விளிம்பில் வைத்து இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். ஊதாக் கம்பி விரலுக்கு லேசாக வளைந்தது, கறுப்பு அசையவில்லை. அதில் பிளாஸ்டிக்கே கிடையாது. மடக்கினால் பூட்டிக்கொள்கிற பகுதி ஓர் இரும்பு மூடிக்குள் இருந்தது. பிடிக்கிற இடத்தில் சின்னச் சின்னப் பற்கள்.

"அது பழைய மாடலும்மா, வெயிட்டா இருக்கும்."

"எனக்கு வெயிட் கொறைக்க வேணாம்ண்ணே. வெயிட் ஏத்தணும்."

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருப்பக்கம் திரும்பிவிட்டார். கடைக்காரர் என் கையாலேயே மாட்டச் சொன்னார். "மடக்கும்போது உள்ளங்கையில தடம் வுழணும். வுழலன்னா டைட் இல்லன்னு அர்த்தம்." பிறகு பேடுகளைப் பழையபடி நெருக்கிவைத்தார்.

இன்று சாயங்காலம் உன் தங்கையை ஏற்றிப் பார்த்தோம். உங்கம்மா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சமதரையில் சத்தம் இல்லை. ஏரிக்கரை மேடு வந்ததும் பின்னால் உன் தங்கை நெளிந்தாள்.

"அக்கா, எறங்கிக்கட்டா?"

"வேணாம். உக்காரு."

எழுந்து நின்று மிதித்தேன். பாதி மேட்டில் ஒரு கன்டெய்னர் லாரி உரசுகிற மாதிரி ஒட்டிப் போனது. பிரேக்கைத் தொட்டேன், பாதி அழுத்தத்திலேயே வண்டி நின்றது. ஓரமாக ஒரு காலை ஊன்றி மூச்சு வாங்கினேன். அவள் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மிதித்தேன். செயின் ஓடுகிற சத்தம் மட்டும்தான். உச்சிக்கு வந்துவிட்டோம். உரசவில்லை.

கீழேயிருந்து உங்கம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். மூச்சு இரைத்தது. "வுழுந்துட்டீங்களா இன்னா? சத்தத்தையே காணோம்?"

உன்னை ஏற்றிக்கொண்டு நான் போனபோதெல்லாம் அந்தச் சத்தம் தேயும்வரை அவர்கள் வாசலில் நின்று கேட்டிருக்கிறார்கள். எனக்கு இன்றுதான் தெரியும்.

சைக்கிளைச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். உன் தங்கையின் காலைப் பிடித்து, கேரியருக்குக் கீழே கால் வைக்கிற மிதியில் சரியாக வைத்தார்கள். அங்கேயே நின்று அரக்கோணத்துக்குப் போன் போட்டார்கள். "இல்லண்ணா, பாப்பா இங்கயே படிக்கட்டும். ஸ்கூலுக்குப் போக ஆள் கீது."

அந்த ஆள் நான்தான். அதனால்தான் தூக்கம் வரவில்லை. நாளைக்கு எட்டு மணிக்கு அந்த ரோட்டில் இன்னும் நிறைய வண்டிகள் இருக்கும். எனக்கு அவற்றைக் கண்டால் இன்னும் பயம்தான். ஆனாலும் போகாமல் இருக்கத் தோன்றவில்லை.

இதை எழுதுவதற்கு முன் சத்தம் போடாமல் வெளியே போனேன். இருட்டில் தடவி, அந்தக் கைப்பிடியைத் திறந்து மறுபடி மடக்கினேன். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்தால் லேசாக வலிக்கிறது. விடிவதற்குள் மறைந்துவிடும். உன் தங்கை ஏறுவதற்கு முன் இன்னொரு தரம் மடக்குவேன்.