கியர் பெட்டியில் ஊற்றிய எண்ணெய்

விழுப்புரம்
18-3-1984

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு, அப்பா பூமாலை வாயால் சொல்ல, பக்கத்துத் தையல்கடை வேங்கடேசன் கையால் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்கவேண்டும் என்று மயிலம் முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். பெரியவனுக்கு முன்பல் விழுந்ததை வேங்கடேசன் படித்துச் சொன்னதிலிருந்து உன் அம்மா நினைத்து நினைத்துச் சிரிக்கிறாள். சின்னவள் தலையில் ஈரம் நிற்கவிடாதே, அவளுக்கு உன்னைப்போலவே சளி பிடிக்கிற உடம்பு. சரி, இந்தக் கடிதம் அதற்காக இல்லை அம்மா. திண்டிவனத்தில் உன் சவுரி சித்தப்பாவுக்கு நீ கோபமாகப் போட்ட தபால் கார்டு ஒரு குற்றமும் செய்யாத மனுஷன் மேல் போய் விழுந்துவிட்டது. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது. அதை நீதான் சரிபண்ணித் தரவேண்டும்.

போன கடிதத்தில் சவுரி நம் அம்பாசிடரின் கியரைக் கெடுத்துவிட்டான், இருபது வருஷப் பழக்கத்தை மதிக்கவில்லை என்று எழுதச் சொன்னேன் அல்லவா, நடந்தது என்னவென்று இப்போது கேள். பொங்கல் கழித்து இரண்டாவது கியர் விழும்போது கரகரவென்று சத்தம், மூன்றாவது தானாகக் கழன்று வெளியே வந்துவிடும். நாலு நாள் அவன் மெக்கானிக் ஷெட்டில் விட்டேன். பெட்டியை இறக்கித் தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றி, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் பழைய ஆயிலை வடிச்சிட்டு இதை ஊத்திக்கண்ணே என்று ஒரு டின் கியர் ஆயிலும் கொடுத்து அனுப்பினான். கியர் ஆயில் வெல்லப்பாகு மாதிரி, குழாயில் லேசில் இறங்காது, டின்னை வெயிலில் வைத்து இளக்கித்தான் நான் ஊற்றுவேன், நீ பார்த்திருக்கிறாய். நான் ஆயில் மாற்ற டின்னை வெயிலில் வைத்த அன்றைக்கென்று உன் அம்மாவும் சமையலுக்குச் செக்கில் ஆட்டி வந்த மல்லாட்டைக் கடலை எண்ணெயைக் கசடு அடங்கட்டும் என்று அதே மாதிரி டின்னில் அதே வெயிலில் வைத்திருந்தாள். என் டின் துவைக்கிற கல்லுக்கு வலப்பக்கம். கோழி தட்டிவிடும் என்று அவள் இரண்டையும் தூக்கி இடம் மாற்றி வைத்தது எனக்குத் தெரியாது. எனக்கு எழுத்துத் தெரியாது, வைத்த இடம்தான் எனக்கு அடையாளம். வலப்பக்கம் இருந்ததை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். தண்ணீராக இறங்கிற்று. நல்ல வெயில், நன்றாக இளகியிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். மல்லாட்டை மூட்டை இறங்குகிற காலத்தில் ஊரே அந்த வாசனைதானே, அடியில் இருட்டில் என் கண்ணுக்கு நிறமும் தெரியவில்லை, மூக்குக்கும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் பனமலைக் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போய்த் திரும்பும்போது கியர் ஊளையிட ஆரம்பித்தது. மறுநாள் அப்படியே திண்டிவனத்துக்கு ஓட்டிப்போய், இன்னாடா வேலை செஞ்சிக்கினு இருக்கிற, பழைய சக்கரத்தையே தொடச்சி மாட்டிட்டியா என்று நாலு லாரிக்காரர் எதிரில் கத்தினேன். சவுரி அடியில் படுத்துக் கொஞ்சம் வடித்து, விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தான். எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தான். வண்டியை வுட்டுட்டுப் போண்ணே, நான் பாத்துக்கறேன் என்றான், அவ்வளவுதான். அவன் மறுத்துச் சொல்லாததையே குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொண்டு வந்துதான் உனக்கு அந்தக் கடிதம். அப்பனுக்குப் பரிந்து நீ அவனுக்குக் கார்டு போட்டாய்.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா அடை சுடப் புது எண்ணெய் டின்னைத் திறந்தாள். இது இன்னாங்க, எண்ணெ பாகாட்டம் வடியுது, நாத்தம் வேற என்று கரண்டியோடு வந்து நின்றாள். விரலால் தொட்டேன், தெரிந்துவிட்டது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை, அவள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் முதல் பஸ்ஸுக்குத் திண்டிவனம் போனேன். லாரிக்காரர் இரண்டு பேர் இருந்தார்கள். கியர் பெட்டியில் சமையல் எண்ணெயை ஊற்றினவன் நான், சவுரி மேல் பழி போட்டவனும் நான் என்று அவர்களுக்குக் கேட்கிறமாதிரிச் சொன்னேன். கம்முனு இருண்ணே என்று அவன் என் வாயைப் பொத்த வந்தான். முகர்ந்தபோதே தெரிந்தும் ஏன்டா சொல்லவில்லை என்றேன். டிரைவருக்கு ஆயிலு அடையாளம் தெரியலன்னு ரோட்டுல பேச்சு கிளம்பினா உன் வண்டியில எவன் ஏறுவான், என்னைத் திட்டினா திட்டிட்டுப் போறானுங்க, நாளைக்கும் எங்கிட்டதான் வரணும் என்றான். பிறகு, கியர் பொட்டியில வடை சுட்டவன் இந்த ரோட்டுலயே நீ ஒருத்தன்தான் என்று அவன் சொல்ல, லாரிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பெட்டியை மண்ணெண்ணெய் விட்டு அலசி, கெட்ட சக்கரம் ஒன்றை மாற்றி வண்டியைத் தயாராகவே வைத்திருந்தான். இப்போது கியர் வெண்ணெயாக விழுகிறது. என் டின்னுக்குச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். கண்ணையும் பெரியாஸ்பத்திரியில் காட்டுகிறேன், நீ கவலைப்படாதே.

கிளம்பும்போது உன் கார்டைப் பற்றி நானே கேட்டேன். திட்டினது பெரிசில்லண்ணே, நம்ம பொண்ணு, திட்டட்டும், ஆனா சவுரிராயன் அவர்களுக்குன்னு ஆரம்பிச்சிருக்கா, நான் எப்போண்ணே அவளுக்கு அவர்கள் ஆனேன் என்றான். சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தான். எழுபத்தாறாம் வருஷம் வைகாசியில் உன் கல்யாணத்துக்கு மயிலம் போனபோதும் இதே மூன்றாவது கியர்தான் கழன்றுகொண்டே இருந்தது. பதினேழு மைலும் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, புதுச் சட்டையோடு கியர் தண்டைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தான். பின்னால் பட்டுப்புடவையில் இருந்த நீதான், கை வலிக்குதா சித்தப்பா என்று இரண்டு தரம் கேட்டாய். எனக்கு மறக்கவில்லை, அவனுக்கும் மறந்திருக்காது.

அதனால் வேணி, இதைப் படித்த கையோடு அவனுக்கு எழுது. ஒட்டின இன்லண்டில் வேண்டாம், கார்டிலேயே எழுது, போனதைப் படித்தவர்கள் எல்லோரும் இதையும் படிக்கட்டும். நான் செய்ததை மறைக்காமல் எழுது, ஊர் சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். மன்னிப்பு கின்னிப்பு என்று பெரிய வார்த்தை எல்லாம் அவனுக்கு வேண்டாம். மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், நீங்கள் நாலு பேரும் நீண்ட ஆயுசோடு இருக்கவேண்டும். கார்டின் முதல் வரியில் சித்தப்பா என்று இருக்கட்டும் அம்மா, அது ஒன்று போதும்.

இப்படிக்கு உன் அப்பா
பூமாலை, இடது கைப் பெருவிரல் ரேகை