மூடாமல் பூத்த அவரை

மச்சான்,

நேற்று உன் மனைவி ஒரு போத்தலைக் கொண்டுவந்து என் குசினி மேசையில் வைத்தார். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், பட்டருக்குப் பின்னால் இத்தனை நாளும் இருந்த, நீ அவரை விதைகளைச் சாம்பலுக்குள் புதைத்து வைத்த போத்தல். மூடியைத் திறந்ததும் சாம்பல் மணம் வந்தது. விறகடுப்பே இல்லாத இந்த லண்டன் மோர்டனில் அந்தச் சாம்பலுக்காக நீ, கவுன்சில் நமக்கு வாடகைக்குத் தந்த தோட்டத்தில் களவாகச் சருகு எரித்ததும், புகையைக் கண்டு பக்கத்துத் தோட்டக்காரி கத்தியதும் நினைவுக்கு வந்தன. சாம்பலுக்குள் விரலை விட்டு விதைப் பொட்டலங்களைத் தடவிப் பார்த்தேன்.

"அண்ணை, அவர் போய் ஒரு வருசமாகுது, தையிலை ஆட்டைத்திவசம் வருது. வாற சனத்துக்கு மூண்டு மூண்டு விதையாப் பைக்குள்ளை போட்டுக் குடுப்பம். லண்டன் வெய்யிலுக்குத் தானாப் பூத்த அவரை எண்டு எழுதுங்கோ. அவரின்ரை பெருமை அதுதானே" என்றார்.

நான் தலையாட்டிவிட்டேன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து உன் அக்கா கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய விதை அது. பகல் குறுகினால்தான் அந்த அவரை பூக்கும். இங்கேயோ யூன் மாதத்தில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம். முதல் வருடம் கொடி நம் பொலித்தீன் கூடாரத்தின் கூரைவரை படர்ந்தது. ஒரு பூ இல்லை. குளிர் வந்ததும் கருகிப் போனது. குரோய்டனில் அகதி விண்ணப்ப வரிசையில் முதன்முதல் சந்தித்த அன்று கூட உன் முகம் அவ்வளவு வாடியிருக்கவில்லை.

அடுத்த கோடையில்தான் கறுப்புத் துணி வந்தது. மாலை ஆறு மணிக்கு வெயில் எரிக்கும்போதே வாளிகளில் நின்ற கொடிகளைப் போர்த்து மூடுவோம். காலை ஏழு மணிக்கு வந்து எடுப்போம். அவரை ஊரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஓகஸ்டிலேயே பூத்தது. நான் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், நீ பெற்றோல் ஸ்டேஷனில் நின்றாய். அந்தத் துணிக்காக இருவரும் ஷிப்டை மாற்றிக் கேட்டோம். காரணம் சொன்னபோது என் மேலாளர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பொலிஸ்காரர் வந்த நாளை மறப்பேனா? இரண்டு பேர் தினமும் ஆறு மணிக்குச் செடிகளைக் கறுப்புத் துணியால் மறைக்கிறார்கள் என்று யாரோ அறிவித்துவிட்டார்கள். துணியைத் தூக்கி அவரைக் கொடியைக் கண்டதும் அந்த மனிதருக்கு ஏமாற்றம். வெப்பநாட்டுக் கஞ்சா விதையைக் கொண்டுவந்து இங்கே வளர்ப்பவர்களுக்கும் இதே தலையிடிதானாம். அதுவும் நீண்ட பகலில் பூக்காதாம். இப்படித்தான் மூடி ஏமாற்றுவார்களாம். "நாங்கள் அவரையை மட்டும்தான் ஏமாற்றுகிறோம்" என்று நீ ஆங்கிலத்தில் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே போனார்.

எனக்கு அது பகிடி. உனக்கு அது குத்திவிட்டது. திரும்பி வரும்போது ட்ராம் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னாய்: "அந்த மனிசன் சொன்னது சரி மச்சான். நாங்கள் இதை ஏமாத்தித்தான் பூக்க வைக்கிறம். நாளைக்கு நாங்கள் போய்ச் சேந்தா ஆர் வந்து மூடுறது?"

அதற்குப் பிறகு உன் வாளிகளை நீ மூடவில்லை. ஒவ்வொரு வருடமும் எந்தக் கொடி எல்லாவற்றுக்கும் முந்திப் பூக்கிறதோ அதில் மட்டும் விதை எடுத்தாய். பிந்திப் பூத்தது எவ்வளவு கொழுத்து நின்றாலும் பிடுங்கி எறிந்தாய். விதையில் பாதியை விதைத்து, பாதியை அந்த வருடத்தின் கடதாசிப் பொட்டலத்தில் கட்டிப் போத்தலுக்குள் வைத்தாய். முதலில் நவம்பரில்தான் பூ. வாளியை வீட்டு வரவேற்பறைக்குள் தூக்கி வந்து ஹீற்றருக்கு அருகே வைத்து, மனைவியிடம் பேச்சு வாங்கி, நாலு விதையை முற்ற வைத்தாய். பிறகு ஒக்டோபர் கடைசி. பிறகு ஒக்டோபர் தொடக்கம். பதினொரு வருடம், மச்சான்! நான் என் பக்கத்தை மூடிக்கொண்டே இருந்தேன். என் அவரைக்காய்க் கறியைத் தின்றுகொண்டே என் துணியைத் திட்டுவாய்.

பிறகு உனக்கு வருத்தம் வந்தது. அந்தக் கோடை முழுவதும் ஆஸ்பத்திரியும் வீடும்தான். உன் கொடிகளுக்குத் தண்ணீர் விடுவது என் வேலையானது. நான் கட்டிலருகே வந்து உட்காரும் முன்பே கேட்பாய்: "பூத்திட்டுதோடா?"

"பொறு மச்சான், இன்னும் காலம் இருக்கு" என்பேன். காலம் இல்லை என்று டொக்டர் உன் மனைவியிடம் சொல்லியிருந்தார். ஒக்டோபர் வரையில் உன்னால் எழுந்து நடக்க முடியுமா என்பதே சந்தேகம்.

என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் ஒரு துணி மிச்சம் இருந்தது. கூடாரக் கதவருகே நின்ற உன் நோஞ்சான் கொடிக்குத்தான் அது அளவாக இருந்தது. வளர்த்தி இல்லை என்று நீ பிடுங்கச் சொல்லியிருந்த கொடி. மாலையில் மூடி, காலையில் எடுத்தேன். ஒரு நாளும் தவறவில்லை. ஓகஸ்ட் முடியும் முன் ஊதாப் பூ வந்தது.

உன் மனைவி உன்னைக் காரில் கூட்டிவந்தார். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பூவை விரலால் தூக்கிப் பார்த்தாய். "பாத்தியே! ஆரும் மூடாமல், தானாப் பூத்து நிக்கிது!"

"ஓம் மச்சான்" என்றேன்.

நீ அழுதாய். உன் அக்காவுக்கு அங்கிருந்தே போன் எடுத்துச் சொன்னாய். மற்ற நாலு கொடிகளையும் என்னைக் கொண்டே பிடுங்குவித்தாய். நான் பிடுங்கினேன். அந்த நோஞ்சானில் முற்றிய விதைகளைத்தான் கடைசிப் பொட்டலமாக நீ கட்டினாய். தையில் போய்விட்டாய்.

ஒருவேளை உண்மையாகவே நல்ல விதையாக இருக்கலாம் என்று எனக்கொரு நப்பாசை. அதில் பாதியை முன்பே உன் மனைவியிடம் வாங்கி, இந்த வருடம் விதைத்தேன், மூடாமல். நவம்பர் நடுவில் கருகும்வரை ஒரு மொட்டுக்கூட இல்லை.

இன்று காலை உன் மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிப் பொட்டலம் பிழை, அதற்கு முந்தின வருடத்து விதைதான் சரி, சனத்துக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும் என்றேன். பையில் 'இன்னும் முடியவில்லை. மூடாமல் வளர்த்து, முந்திப் பூப்பதில் விதை எடுங்கள்' என்று எழுதலாம் என்றும் சொன்னேன்.  திட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

"அண்ணை, அந்தப் பூவைப் பாத்திட்டு அண்டைக்குத் தோட்டத்தாலை வீட்டை வந்து பிட்டுக் கேட்டவர். ஒரு மாசமா வாயிலை ஒண்டும் வைக்காத மனிசன், ரெண்டு தரம் போடச் சொல்லிச் சாப்பிட்டவர்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். "சனத்துக்குச் சரியானதைக் குடுங்கோ. பிழையானதை எனக்குத் தாங்கோ."

கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். பதினொரு வருட உழைப்பின் கடைசி வருடத்தை நான் கெடுத்தேன். இருந்தாலும் மன்னிப்பு என்ற சொல் கையில் வரவில்லை, மச்சான். அந்த ஓகஸ்ட் திரும்பி வந்தாலும் ஆறு மணிக்குத் துணியோடு உன் கொடியருகே நிற்பேன்.