நோவுக்குக் கிட்டப் போன அக்காவுக்கு

என் அன்பு அக்கா,

இன்றைக்கு அழுதுகொண்டு எழுதவில்லை, பயந்துகொண்டு எழுதுகிறேன். உங்களைக் கொண்டுபோன புற்றுநோய் முதலில் நோகத் தொடங்கிய அதே இடத்தில், இடுப்பெலும்புக்குள், எனக்கும் நோகிறது.

வெள்ளவத்தையில் உங்களுக்குச் சொல்ல வேறு புதினம் பெரிதாக இல்லை. முன்னால் இன்னொரு மாடிக் கட்டடம் எழும்பி எங்கள் பல்கனிக்குக் கடலை மறைத்துவிட்டது. கரையோரத் தண்டவாளத்தில் ஓடும் கோச்சிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பக்கத்து வீட்டுக் குசுமாவோடு களனி விகாரைக்குத் தியானம் பழகப் போனீர்களே, நெற்றி நிறைய விபூதியோடு! பிக்கு சிங்களத்தில் சொன்னதை வந்து எனக்குத் தமிழில் சொல்வீர்கள். "நோவோட சண்டை பிடிக்காதை தம்பி. கிட்டப் போய்ப் பார். எரியுதோ, குத்துதோ, கூடுதோ, குறையுதோ எண்டு பார். அது வந்து போற ஒண்டு. அது நீ இல்லை." ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான் கண்ணை மூடி இருந்தீர்கள். சுருங்கிய நெற்றி மெல்ல விரியும். எப்படி அக்கா முடிந்தது?

நானும் காலையில் கதிரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். குத்துகிறது, பார்க்கிறேன். கூடுகிறது, பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் மனம், டொக்டர் போகச் சொன்ன ஸ்கேன் அறைக்கு ஓடிவிடுகிறது. நோவு இடுப்பில் மட்டும்தான், பயம் உடம்பு முழுக்க இருக்கிறது.

ஸ்கேன் எடுக்கும் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். "தியானத்தில குறையுது" என்று வசந்தியிடம் சமாளித்தேன். கட்டிய மனைவியிடம் அது எடுபடுமா? நேற்றுக் குசினியில் சமைத்துக்கொண்டிருந்தவள் வந்து முன்னால் நின்றாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் நோவைப் பார்க்கிறியளோ, டொக்டருக்கு ஒளிக்கிறியளோ? மச்சாள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவ, ஓம். ஆனா மருந்தும் குடிச்சவ. டொக்டர் உங்களை வெளியில கூப்பிடேக்க, 'எனக்கு முன்னாலயே சொல்லுங்கோ' எண்டவ."

அவள் சொன்னது சரி அக்கா. நீங்கள் எல்லாம் தெரிந்த பிறகு கண்ணை மூடினீர்கள். நான் தெரிந்துவிடுமோ என்று மூடிக்கொண்டிருக்கிறேன்.

நாளைக் காலை போகிறோம், வசந்தியும் வருகிறாள். பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஸ்கேன் படத்தில் என்ன இருந்தாலும் எழுந்து ஓடமாட்டேன், என் காதாலேயே கேட்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. கேட்ட பிறகு என்ன செய்வேன் என்று தெரியவில்லை அக்கா. ஆனால் போவேன்.

பயம் தீராத,
உங்கள் தம்பி