அழிக்காமல் விட்ட பதினாறு

மார்ச் 3, செவ்வாய்
ஆறாம் கட்டில் லாரி ஓட்டுநருக்கு இன்சுலின் பதினாறு யூனிட் போட்டுவிட்டேன். டாக்டர் காலையிலேயே பத்தாகக் குறைத்திருந்தார். வார்டுப் பலகையிலும் 10 என்றுதான் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் போட்டேன். கண் எங்கே போச்சு எனக்கு? மனிதருக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி – குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

தலைமை நர்ஸ் கத்தவில்லை. "இன்னொரு தடவை நடந்தா உன்னை வார்டுல வெச்சுக்க முடியாதும்மா" என்றார். கத்தியிருக்கலாம்.

மார்ச் 4
ஓட்டுநரிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன். முறைத்தார். பிறகு, "ரோட்டை மாத்துனா பழைய ரோட்டுக்குக் குறுக்கே கட்டை போடணும் சிஸ்டர். இல்லன்னா கை தானா அந்தப் பக்கம்தான் திரும்பும்" என்றார்.

மார்ச் 6, வெள்ளி
என் கணவர் மீசையை எடுத்து இரண்டு நாளாகிறதாம். அவரே சொல்லித்தான் தெரிந்தது. "உன்னை நம்பி ஊசியைக் குடுத்திருக்காங்க பாரு" என்று சிரித்தார். அழுதுவிட்டேன். பாவம், பயந்துபோய் டீ போட்டுக் கொடுத்தார்.

பலகையிலும் இதுதானே? பழைய எண்ணைத் தடயமில்லாமல் துடைக்கிறோம். அதே நீல மையில் புதியதை எழுதுகிறோம். ஆறு நாள் பார்த்த பதினாறையே கண் மறுபடி படித்திருக்கிறது. – அல்லது சாக்கு தேடுகிறேனா?

மார்ச் 9, திங்கள்
ஓய்வறைப் பலகையில் பத்து வரி எழுதி எல்லோரையும் படிக்கச் சொன்னேன். அவர்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஓர் எண்ணைத் துடைத்து மாற்றிவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று கேட்டேன். எட்டுப் பேரில் இருவர்தான் கண்டுபிடித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக்கடைக்காரர், "நீங்க கொண்டையை மாத்தியிருக்கீங்க" என்றார். மாற்றவேயில்லை.

மாலை ஷிப்ட் ஆட்களுக்குப் பழைய எண்ணை அழிக்காமல் குறுக்கே கோடு போட்டேன், பக்கத்தில் சிவப்பில் புதியது. எட்டில் ஏழு பேர்.

மார்ச் 10
தலைமை நர்ஸுக்குப் பளிச்சென்ற பலகைதான் பெருமை. "கிறுக்கின மாதிரி இருக்குமே" என்றார். அவரையும் சோதித்தேன், பழைய முறையில். எனக்குத் துணிச்சல்தான். அவருக்கும் தெரியவில்லை. சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தார். "ஆறாம் கட்டில்லேர்ந்து ஆரம்பி" என்றார்.

16 என்று எழுதி, கோடு போட்டு, பக்கத்தில் 10. 

மார்ச் 13
எந்த ஷிப்டிலும் மருந்தளவு தவறவில்லை.

மார்ச் 19, வியாழன்
ஓட்டுநர் வீட்டுக்குப் போனார். பையை எடுத்துக்கொண்ட அவர் மனைவி பலகை முன்னால் நின்றுவிட்டார். 16, 10, 8 – மூன்றிலும் கோடு. கடைசியில் 6. "கொறஞ்சுக்கிட்டே வந்திருக்கு, இல்ல சிஸ்டர்?" என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார்.

அவர்கள் போனதும் ஆயா பலகையைத் துடைக்கத் துணியோடு வந்தார். தலைமை நர்ஸ் தலை நிமிராமலே, "அந்த வரி இன்னைக்கு இருக்கட்டும்" என்றார்.