வெள்ளிக்கிழமை பதினொரு மணி வண்டி

கெல்சென்கிர்ச்சன்,
ஜனவரி 24

அன்புத் தங்கச்சி ராணிக்கு,

போனில் கதைத்தால் இரண்டாவது நிமிடமே யாராவது ஒருவர் வெட்டிவிடுகிறோம். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட ஏலாதுதானே, அதனால் எழுதுகிறேன்.

உன் மருமகள் ஆதிரைக்கும் ஹம்பேர்க் பையன் சுலக்ஷனுக்கும் பெப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அழைப்பிதழ் உள்ளே இருக்கிறது. அன்று காலை அவளுக்குத் தலையில் பாலும் அறுகும் வைத்து நீராட்டும்போது முதல் கை உன்னுடையதாக இருக்க வேண்டுமாம். "ராணி மாமி வைக்காட்டி நான் குளிக்கவே மாட்டன்" என்று நிற்கிறாள். என் மகள், பிடிவாதத்துக்குக் கேட்க வேண்டுமா?

ஏழு வருடமாக அந்த வடகடல் ஹாலிக் திட்டில் என்னதான் செய்கிறாய்? தாதி வேலைக்கு ஜெர்மனியில் வேறு இடமே இல்லையா? வந்து சேர்.

அண்ணை,
கதிர்காமநாதன்


ஹாலிக்,
ஜனவரி 30

அன்பு அண்ணைக்கு,

அழைப்பிதழ் அழகு. ஆனால் மாமிக்காரியைத் தபாலில் கூப்பிடும் வழக்கம் எப்போது தொடங்கியது? ஊரில் நாலு வீடு தள்ளி இருக்கிறவர்களுக்கே வெற்றிலையோடு போய் வாயால் சொல்லுவோம். நான் உங்களுடன் பிறந்தவள்.

அதோடு, ஆதிரை பெரியபிள்ளையான சாமத்திய வீட்டில் பாலறுகுக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி வேறு யாரிடமோ கொடுத்தது நீங்கள்தான். என் அவர் தவறி அப்போது எட்டு மாதம். "ராணி, நீ கொஞ்சம் தள்ளி நில்" என்றீர்கள். பன்னிரண்டு வருடமாகத் தள்ளித்தான் நிற்கிறேன். இதைவிடத் தள்ளி நிற்க ஜெர்மனியில் நிலம் இல்லை, அண்ணை.

வருவேனா என்று எனக்கே தெரியாது. இன்னொரு விசயம், கடல் உறையத் தொடங்கிவிட்டது. செவ்வாயோடு கப்பல் நின்றுபோயிற்று. கரைக்கு ஓர் ஒடுக்கமான அணை இருக்கிறது. அதன்மேல் சின்னத் தண்டவாளத்தில் மோட்டார் பூட்டிய தட்டுவண்டி ஓடும். இப்போது நாங்கள் அறுபது பேரும் அதை நம்பித்தான் இருக்கிறோம். அதுவும் எத்தனை நாளைக்கோ.

சந்திரா மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கோ.

ராணி


கெல்சென்கிர்ச்சன்,
பெப்ரவரி 4

அன்பு ராணி,

உப்புக் கடல் உறையுமா? முப்பத்தெட்டு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், இங்கே கால்வாயில்கூட மெல்லிய பனி ஆடை கட்டினால்தான் உண்டு. வராமல் இருக்க நல்ல சாட்டுப் பிடித்திருக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு மனம் கேட்கவில்லை. உண்மையாகவே உறைந்தால் அலை எங்கே போகும்? மீன் என்ன செய்யும்? வற்றுப்பெருக்கு நிற்குமா, நிற்காதா? சந்திராவைக் கேட்டேன். "எனக்குக் கல்யாணச் சேலைக்குச் சட்டையே இன்னும் தைச்சு வரேல்லை, நீங்கள் மீனைப் பற்றிக் கேக்கிறியள்" என்று பாய்ந்தாள்.

நீ சொன்னது நியாயம். வெற்றிலை பாக்கோடு 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை வருகிறேன். மற்றக் கதையை நேரில் கதைப்போம்.

அண்ணை


ஹாலிக்,
பெப்ரவரி 8

அன்பு அண்ணைக்கு,

நீங்கள் வருகிறீர்கள் என்றதும் இரண்டு தரம் வீடு கூட்டினேன். சந்தோசம்தான், ஒளிப்பானேன்.

வற்றுப்பெருக்கு நிற்காது. அதுதான் இங்கே ஆபத்து. மேலே பனித்தட்டு கட்டும். கீழே தண்ணீர் வற்றி ஓடிவிடும். தட்டு அந்தரத்தில் நிற்கும். பார்க்கச் சீமெந்துத் தரை மாதிரி இருக்கும், கால் வைத்தால் ஆளையே விழுங்கிவிடும். மறுபடி கடல் ஏறும்போது தட்டுகள் வெடித்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்தச் சத்தம் கேட்க வாசலில் போய் நிற்பேன். யாரோ பெரிய அலுமாரியை இழுப்பது போல இருக்கும். மீன் எங்கே போகிறது என்று பக்கத்து வீட்டு யென்சனைக் கேட்டேன். "ஆழத்துக்கு, புத்தியுள்ள எல்லாரையும் போல" என்றார்.

கவனமாக வாசியுங்கோ. வெள்ளிக்கிழமை சரியாகப் பதினொரு மணிக்கு யென்சன் அணைக்கரைக்கு வண்டி கொண்டுவருவார். கடல் வற்றியிருக்கும் நேரம் அது. பிந்தினால் தண்ணீர் ஏறிப் பனிப்பாளங்களைத் தண்டவாளத்தில் கொண்டுவந்து குவித்துவிடும். ஆகையால் ஐந்து நிமிடம்தான் நிற்பார். இந்தக் குளிரில் இதுவே கடைசி ஓட்டமாகவும் இருக்கலாம், அப்படியானால் இருவரும் ஹெலிகொப்டரில்தான் திரும்ப வேண்டும். தடித்த சப்பாத்துப் போடுங்கோ. பனியில் மட்டும் காலை வைக்காதேங்கோ.

இங்கத்தைச் சின்ன இறாலில் சொதி வைக்கிறேன்.

ராணி


துறைமுக விடுதி,
பெப்ரவரி 15

அன்பு ராணி,

கார் பனியில் புதைந்ததால் வண்டியைத் தவறவிட்டேன் என்று உனக்குப் போனில் சொன்னேன். பொய். யென்சன் உன்னிடம் என்ன சொன்னாரோ தெரியாது.

பத்தேகாலுக்கே அணைக்கரைக்கு வந்துவிட்டேன். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கியது. தங்கச்சி வீட்டுக்குக் கல்யாணம் சொல்லப் போகிறவன் ராகுகாலத்தில் காலை எடுத்து வைப்பதா என்று காருக்குள்ளேயே இருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் இறங்குவோம், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தால் அந்த மனிசன் நிற்பார்தானே என்று நினைத்தேன். வண்டி வந்தது. அவர் வந்து கண்ணாடியில் தட்டினார். நான் மணிக்கூட்டைக் காட்டிப் பன்னிரண்டு என்றேன். கடலைக் காட்டி ஏதோ சொன்னார், தலையை ஆட்டினார், போய்விட்டார்.

பன்னிரண்டு ஒன்றுக்கு இறங்கினேன். நல்ல நேரத்தில் நானும் கடலும் மட்டும் நின்றோம். ஒரு மணிக்குப் பாளங்கள் ஏறத் தொடங்கின. நீ எழுதியது அத்தனையும் உண்மை, அலுமாரிச் சத்தம் உட்பட. தண்டவாளம் என் கண் முன்னாலேயே மறைந்தது.

மூன்று நாளாகக் கரையில் நிற்கிறேன். வானம் வெளித்தால் உன் வீட்டு மேடு தெரிகிறது. நேற்று ஒரு விசர் வேலை பார்த்தேன். இவ்வளவு கிட்டத்தானே என்று பனியில் இறங்கி நடந்தேன். பத்து அடிதான் இருக்கும், கீழே வெறுமையாக ஒரு சத்தம் கேட்டது. துறைமுகத்து ஆள் ஒருவன் கத்திக்கொண்டே கயிறு எறிந்தான். அதைப் பிடித்துக்கொண்டு கரை ஏறினேன். சந்திராவுக்குச் சொல்லிவிடாதே.

பிழை விட்டுவிட்டேன், ராணி. வெள்ளிக்கிழமை மட்டுமில்லை. அன்றைக்கு உன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கியதும் இதே பயத்தில்தான். சபை என்ன சொல்லும், பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்று பார்த்தேன், உன் முகத்தைப் பார்க்கவில்லை. நாளைக்கு நான் திரும்ப வேண்டும். பாணும் மருந்தும் கொண்டுவரும் ஹெலிகொப்டரில் இந்தக் கடிதமும் வெற்றிலையும் வரும். கல்யாணம் சொல்லியிருக்கிறேன். ஏலுமென்றால் வா.

அண்ணை


ஹாலிக்,
மார்ச் 4

அன்பு அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே யென்சனின் தாய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஹெலிகொப்டரில் ஓர் இடம்தான் இருந்தது. அவவை ஏற்றிவிட்டேன். பிறகு பனிப்புகார் மூடியது, கல்யாணம் முடியும்வரை எதுவும் பறக்கவில்லை. இந்த முறை சாட்டு இல்லை, நம்புங்கோ. வெற்றிலை கருகித்தான் வந்தது, என்றாலும் போட்டேன்.

ஆதிரை போனில் அழுதழுது சொன்னாள். முதல் பாலறுகை நீங்கள் யாரையும் வைக்க விடவில்லையாம். "அது ராணியின்ரை" என்று சபை நடுவில் சொன்னீர்களாம். அதைக் கேட்டு நானும் அழுதேன்.

ஆனால் ராகுகாலக் கதையை நினைத்தால் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. ராகுகாலக் கணக்கு ஆறு மணிக்கு எழும்பும் சூரியனுக்கு; இங்கே பெப்ரவரியில் சூரியன் எழும்பவே எட்டு மணியாகிறது. உங்கள் ராகு எந்த ஊர் மணிக்கூட்டில் பார்த்தது?

பனி உடைந்துவிட்டது. தண்டவாளத்தைத் திருத்திவிட்டார்கள். வெளியாட்களை ஏற்றும் முதல் வண்டி 13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பதினொரு மணிக்கு. ஓம், அதே நேரம்தான். கடல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. விரும்பினால் அன்று வாங்கோ, ஆதிரையையும் சுலக்ஷனையும் கூட்டிக்கொண்டு. வராவிட்டால் நான் சண்டை பிடிக்க மாட்டேன். நீங்கள் அந்த வண்டியில் ஏறுவீர்களா என்று அறியத்தான் ஆவலாக இருக்கிறது.

ராணி


கெல்சென்கிர்ச்சன்,
மார்ச் 8

அன்பு ராணி,

நாலு பேரும் வருகிறோம். சரியாகப் பத்தரைக்குக் காரை விட்டு இறங்கி அணையில் நிற்பேன், யென்சனிடம் சொல்லி வை.

அறுகு என் பல்கனித் தொட்டியில் தளிர்த்திருக்கிறது. கிண்ணமும் அதே கிண்ணம்தான், சந்திரா எடுத்து விளக்கி வைத்திருக்கிறாள். பால் மட்டும் நீ காய்ச்சி வை. கிண்ணத்தை நான் என் கையால் உன்னிடம் தர வேண்டும்.

அண்ணை